பவளப்பாறைக்குப் பணம் போடுமுன்: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மன்னார் வளைகுடாப் பக்கம் பவளப்பாறைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புபவர்கள் இப்போது நிறையப் பேர். கல்லூரி, மீனவர் சங்கம், முக்குளிப்புக் குழு, சமூகப் பொறுப்பு நிதியைச் செலவழித்தாக வேண்டிய நிறுவனம் என்று பலவகை. கேள்வி மட்டும் ஒன்றுதான். பவளத்துண்டு நடலாமா? தண்ணீரைச் சரிபண்ணலாமா? சூடு தாங்கும் பவளத்தை வளர்த்து விடலாமா? இல்லை, தொடாமல் விட்டுவிட்டால் அதுவே தேறிக்கொள்ளுமா?

கேட்பவர்களில் பலர் மனதில் விடையை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் நடுவதுதான். ஆண்டறிக்கையில் படம் போட வசதியான வழி அது. என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் தண்ணீர்ப் பக்கம். அதற்கான காரணம் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசியில் இருக்கிறது. அதனால் வழிகளை எடைபோடுவதற்கு முன் பாசியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

## சூடு எங்கே அடிக்கிறது

பவளம் ஒரு விலங்கு. அதன் உட்புறச் செல்களுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத் தசையில் பத்து லட்சம் பாசிச் செல்கள் இருப்பது சாதாரணம். அவை வெயிலைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் அன்றாட ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரைகூட இப்படி வருகிறது. பதிலுக்குப் பவளம் கழிக்கும் அமோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் பாசிக்கு உரமாகின்றன.

தண்ணீர் சூடாகும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறுகிறது. வெயிலோ குறைவதில்லை. உள்ளே வந்து பயன்படாமல் போகும் ஒளியாற்றல், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை கசிந்து பவளத்தையே தாக்கத் தொடங்கும்போது பவளம் பாசியை வெளியேற்றுகிறது. நிறம் போய், தசை வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறியவுடன் பவளம் செத்துவிடாது. பட்டினியில் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் தண்ணீர் குளிர்ந்து, உள்ளே மிச்சமிருக்கும் பாசி பெருகினால் பிழைத்துக்கொள்ளும்.

இந்த வெப்பத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடுதலான சூடு ஒரு வாரம் நீடித்தால் அது 1 டிகிரி-வாரம். அமெரிக்காவின் கடல்-வானிலை அமைப்பான நோவா செயற்கைக்கோள் தரவை வைத்து இதை உலகம் முழுவதற்கும் வெளியிடுகிறது. 4 டிகிரி-வாரம் சேர்ந்தால் வெளிறல் வெளிப்படையாகத் தெரியும். 8-ஐத் தாண்டினால் சாவு தொடங்கும். மன்னார் வளைகுடாவில் காற்று அடங்கிக் கடல் சலனமற்றுக் கிடக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் ஆபத்தான காலம். 2016 கோடையில் இங்கே உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. கிளைவிடும் அக்ரோபோரா வகைகளுக்குத்தான் பலத்த அடி. உருண்டை உருண்டையாக வளரும் போரைட்டீஸ் பெருமளவு தப்பியது. உலக அளவில் 1998, 2010, 2014–17 என்று மூன்று பெரிய வெளிறல்கள் வந்துபோயின. 2023-இல் தொடங்கிய நான்காவது, முந்தைய மூன்றையும் மிஞ்சிவிட்டது.

இனி முக்கியமான விஷயம். உள்ளே இருக்கும் பாசி ஒரே வகை இல்லை. 2018-இல் இந்தப் பாசிகளைப் புதிதாகப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். நமக்கு இரண்டு போதும். ஒன்று கிளாடோகோப்பியம். அதிகம் சமைத்துக் கொடுக்கும், ஆனால் அதன் பல ரகங்கள் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். மற்றது டுருஸ்டினியம். சூட்டைத் தாங்கும், ஆனால் கையிறுக்கம். ஒரே பவளக் கூட்டத்துக்குள் இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் இருக்கலாம். வெப்பத்துக்குப் பிறகு அந்த விகிதம் மாறலாம். கீழே வரும் நான்கு வழிகளும் இந்த விகிதத்தை ஏதோ ஒரு விதத்தில் தொடுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, இந்தச் செலவு அடுத்த வெளிறல் வரும்போது ஏதாவது வித்தியாசம் காட்டுமா? நட்டு முடித்த நாளில் பாறை எப்படி இருந்தது என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. கோடை ஒன்று கடுமையாக வந்துபோன பிறகு எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டாவது, எவ்வளவு பணத்துக்கு எவ்வளவு பரப்பு? மூன்றாவது, சூடு தாங்குவதற்குப் பவளம் எதை விலையாகக் கொடுக்கிறது: வளர்ச்சியையா, இனப்பெருக்கத்தையா, மரபு வேறுபாட்டையா? நான்காவது, கரையில் யார் அந்த விலையைக் கொடுக்கிறார்கள்? ஐந்தாவது, தவறாகப் போனால் திரும்ப முடியுமா?

சட்டத்தைத் தனிக் கேள்வியாக வைக்கவில்லை, ஏனென்றால் அது எல்லா வழிக்கும் பொது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. ஒரு துண்டை ஒடிக்கவோ நகர்த்தவோ வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும் முன்பே நடும் தேதியை அழைப்பிதழில் அச்சடிப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

## வழி 1: தொடாமல் விடுவது, கண்காணிப்பது

வெளிறல் பவளத்துக்குக் கேடு மட்டும்தானா, அல்லது பழைய பாசியை அனுப்பிவிட்டுப் பொருத்தமான புதுப் பாசிக்கு இடம் பண்ணும் வழியும்கூடவா? 1993-இல் புடெமையர், ஃபாட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கிளப்பினார்கள். அப்போது அது பெரிய சண்டையாக இருந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் ரே பெர்கெல்மன்ஸும் மேடலின் வான் ஆப்பெனும் அக்ரோபோரா மில்லெபோரா என்ற பவளத்தைக் குளிர்ச்சியான இடத்திலிருந்து சூடான இடத்துக்கு நகர்த்திப் பார்த்தார்கள். டுருஸ்டினியத்துக்கு மாறிய கூட்டங்கள் 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதலாகத் தாங்கின. ஒன்றரை டிகிரி என்பது பவளத்துக்குச் சின்ன விஷயம் இல்லை. 2016 போன்ற ஒரு கோடையில் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருக்கும் தூரமே அவ்வளவுதான்.

அப்படியானால் விட்டுவிட்டாலே போதுமே? இங்கேதான் மறைவான செலவு வருகிறது. அதே இனப் பவளத்தில், டுருஸ்டினியம் நிறைந்த கூட்டங்கள் கடலில் 38 சதவீதம் வரை மெதுவாக வளர்ந்தன. சேமித்து வைக்கும் கொழுப்பும் குறைவு, முட்டையும் அளவில் சிறியது. இளம் பவளங்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. கிளாடோகோப்பியம் உள்ளவை இரண்டு, மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. ராமநாதபுரத்து விவசாயிக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும்: வறட்சி தாங்கும் நெல்லைப் போட்டால் பயிர் காயாது, ஆனால் களம் நிறையாது. மெதுவாக வளரும் பவளத்தை மேலே படரும் கடற்பாசியும் கடற்பஞ்சும் முந்திவிடும். புயலில் உடைந்ததைச் சரிக்கட்டவும் நாளாகும்.

இரண்டாவது சிக்கல், மாற்றம் நிலைப்பதில்லை. சில நல்ல ஆண்டுகள் வந்தால் பல இடங்களில் பழைய பாசியே மீண்டும் ஆதிக்கத்துக்கு வந்துவிடுகிறது. வளர்ச்சிக்கு அது நல்லது, அடுத்த வெப்ப அலைக்குத் தயாராக இருப்பதற்குக் கெட்டது. மூன்றாவது, எல்லாப் பவளத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலான பவளங்கள் குஞ்சுப் பருவத்தில் கடல்நீரிலிருந்து பாசியைப் பிடித்துக்கொள்கின்றன. மான்டிபோரா, போசிலோபோரா போன்றவையோ தாயின் முட்டையிலேயே பாசியைப் பெற்று வருகின்றன. அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறைவு.

இன்னொரு வழியும் பவளத்திடம் இருக்கிறது. ஹவாயின் மான்டிபோரா காப்பிடேட்டா வெளிறிய பிறகு மிதவை உயிர்களைக் கூடுதலாகப் பிடித்துத் தின்றே உடலைத் தேற்றிக்கொண்டதைக் கண்டிருக்கிறார்கள். எல்லா இனத்துக்கும் இந்தத் திறமை இல்லை, அவ்வளவுதான்.

பவளங்கள் தாங்களாகவே முன்னேறும் வேகத்துக்கும் ஓர் அளவு கிடைத்திருக்கிறது. பசிபிக் கடலின் பலாவுத் தீவுகளில் பவளக் கூட்டங்களின் வெப்பத் தாங்குதிறன் பத்தாண்டுக்குச் சுமார் 0.1 டிகிரி கூடியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். உலகம் கரிவளியைக் கணிசமாகக் குறைத்தால் இந்த வேகம் உதவும். இப்போதைய போக்கே தொடர்ந்தால் போதாது.

செலவு என்று பார்த்தால் நீருக்கடி வெப்பமானிகள், ஆண்டுக்கு இரண்டு கணக்கெடுப்பு, படகு, டீசல். நான்கு வழியிலும் மலிவானது. பாறையில் உயிருள்ள பவளம் இன்னும் கணிசமாக இருக்கிறது, வெளிறலுக்குப் பிறகு இளம் பவளங்கள் ஒட்டுவது தெரிகிறது என்றால் இதுவே சரியான தேர்வு. தொடாமல் விடுவது என்றால் பார்க்காமல் விடுவது என்று பொருள் இல்லை. எந்தக் கூட்டம் 2016-ஐயும் 2024-ஐயும் தாண்டி நிற்கிறது என்ற குறிப்பு உங்களிடம் இல்லாவிட்டால் பின்னால் வரும் வழி 4-க்கு அடித்தளமே கிடையாது.

## வழி 2: தண்ணீரையும் மடியையும் சரிபண்ணுவது

கழிவுநீர், உரம் கலந்த ஓடைநீர், தீவை ஒட்டி இழுக்கும் தள்ளுமடி வலை, பாறைமேல் விழும் நங்கூரம், சிக்கிக் கிடக்கும் நண்டு வலை, குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தைப் போர்த்திவிட்ட கப்பாஃபைகஸ் என்ற அயல் கடற்பாசி. இவற்றைக் குறைப்பதுதான் இரண்டாவது வழி.

சூட்டுக்கும் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் பாசிக்குள் இருக்கிறது. நைட்ரஜன் அதிகமாகவும் பாஸ்பேட் குறைவாகவும் வந்தால் உள்ளிருக்கும் பாசி பெருகும், ஆனால் அதன் செல்சவ்வு சரியாக அமையாது. அந்தப் பாசி குறைந்த சூட்டிலேயே நொறுங்கி, பவளம் சீக்கிரம் வெளிறிவிடுகிறது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீடன்மன் குழு 2013-இல் காட்டியது இது. ஆக, கழிவுநீர் வெப்பத்தின் வாசலைத் தாழ்த்துகிறது.

எனக்குப் பிடித்த சான்று வேறொன்று. பசிபிக் நடுவே கிரிபட்டி நாட்டில் கிரிட்டிமாட்டி என்ற தீவு இருக்கிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ 2015–16-இல் வந்தபோது அங்கே ஏறத்தாழ பத்து மாதம் வெப்பம் நீடித்தது. பவளத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. ஆனால் ஜூலியா பாம், டேனியல் கிளார் முதலியோர் குறித்துவைத்த சில மூளைவடிவப் பவளக் கூட்டங்கள், தண்ணீர் இன்னும் சூடாக இருக்கும்போதே நிறம் திரும்பின. கிளாடோகோப்பியத்தோடு தொடங்கி, வெளிறி, டுருஸ்டினியத்தோடு தேறியவை அவை. தண்ணீர் குளிர்ந்தால்தான் பவளம் தேறும் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கவனிக்க வேண்டியது இடம். இப்படித் தேறியவை தீவில் மனித நடமாட்டமும் கழிவும் குறைந்த பகுதிகளில் இருந்தவை. ஊரை ஒட்டிய பகுதியில் இருந்த அதே இனக் கூட்டங்கள் பலவற்றில் முன்பே டுருஸ்டினியம்தான் நிறைந்திருந்தது. கேட்க அது சாதகம் போலத் தெரியும். ஆனால் நீண்ட வெப்பத்தில் அவை அதிகம் செத்தன. தாங்கும் பாசியை வெறுமனே வைத்திருப்பதைவிட, நல்ல உடல்நிலையில் நுழைந்து, தேவைப்படும்போது மாறிக்கொள்ள இடம் இருப்பதுதான் அங்கே காப்பாற்றியது. முதல் வழியில் பார்த்த பாசி மாற்றம் வேலை செய்ய வேண்டுமானால் இரண்டாவது வழி வேண்டும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பவளத்திட்டில் டெரி ஹியூஸ் குழு பார்த்தபோது, தண்ணீர் தெளிவாக இருந்த இடமும் மீன்பிடித் தடை உள்ள இடமும் மற்ற இடங்களைப் போலவே வெளிறியிருந்தன. வெப்பம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் எந்தச் சுத்தமும் தடுக்காது. பிறகு தேறுவதற்கு மட்டும் உதவும். மறுபக்கம், உலகெங்கும் 223 இடங்களின் தரவை 2021-இல் ஒப்பிட்ட இன்னொரு குழு, பாறைமேல் கடற்பாசி அதிகம் படர்ந்த இடங்களில் வெப்ப அலைக்குப் பிறகு பவள இழப்பு கூடுதல் என்று கண்டது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். மிதமான வெப்பத்தில் தண்ணீரின் தரம் கணக்கில் வருகிறது, உச்ச வெப்பத்தில் வருவதில்லை.

ஒரு சின்ன முரணும் உண்டு. கலங்கிய நீர் வெயிலை மறைப்பதால் சில இடங்களில் வெளிறல் குறைந்திருக்கிறது. ஆகவே கலங்கல் எல்லாம் கெடுதி என்று அடித்துப் பேச முடியாது. ஆனால் வண்டல் பாறைமேல் படிந்தால் பவளக் குஞ்சு ஒட்ட இடம் இருக்காது. கணக்கை மொத்தமாகப் பார்த்தால் நட்டம்தான்.

மறைவான செலவு கரையில் இருக்கிறது. தள்ளுமடியை நிறுத்தச் சொன்னால் அதை இழுக்கும் படகுக்காரர் அன்றைய வருமானத்துக்கு எங்கே போவார்? பாம்பன் பக்கத்துப் பெண்கள் தீவோரம் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். கட்டுப்பாடு வரும்போதெல்லாம் முதலில் கைவைப்பது அவர்கள் பிழைப்பில்தான். திட்டச் செலவில் இந்தக் குடும்பங்களுக்கான ஒதுக்கீடு இல்லையென்றால் திட்டம் தாளில்தான் ஓடும். கப்பாஃபைகஸைப் பிடுங்குவதும் ஒரு தடவை வேலை இல்லை. கிள்ளி விட்ட துண்டு மறுபடி தழைக்கும். வருடா வருடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

பலன் தெரிய எவ்வளவு காலமாகும்? ஹவாயின் கனெயோஹே வளைகுடாவில் 1977–78-இல் கழிவுநீரை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். பவளம் சில ஆண்டுகளில் மீளத் தொடங்கியது. ஆனால் பாறையைப் போர்த்தியிருந்த பச்சைக் குமிழ்ப் பாசி முழுவதுமாக விலக 2006 வரை ஆனது. மூன்றாண்டு நிதித் திட்டத்துக்குள் அடைக்கக்கூடிய கதை இல்லை இது.

கரையோரப் பாறை, அருகில் ஊர், வெப்பம் மிதமானது, உள்ளூரில் பேசக்கூடிய சங்கமோ பஞ்சாயத்தோ இருக்கிறது என்றால் இதைவிட நல்ல முதலீடு இல்லை. நடுக்கடலில், ஊரே இல்லாத பாறைக்கு இது பொருந்தாது. அங்கே அகற்ற எதுவும் இல்லை.

## வழி 3: பவளத்துண்டு நடுவது

கிளையை ஒடித்துச் சிமெண்டுச் சட்டத்தில் கட்டிக் கடலடியில் வைப்பது. தூத்துக்குடியில் 2002 முதல் நடந்துவரும் வேலை. தொழில்நுட்பம் கைவந்ததுதான், அதில் சந்தேகமில்லை.

இது எங்கே வெல்கிறது என்பதற்கு இந்தோனேசியாவின் சுலவேசி நல்ல உதாரணம். வெடி வைத்து மீன் பிடித்ததில் அங்கே பாறை சல்லியாகிக் கிடந்தது. அலையில் உருளும் சல்லியின்மேல் பவளக் குஞ்சு நிலைக்காது. நட்சத்திர வடிவ இரும்புச் சட்டங்களைப் பிணைத்து, அதில் துண்டுகளைக் கட்டினார்கள். நான்கே ஆண்டில் பாறையின் சுண்ணக் கட்டுமானம் வளரும் வேகம் நல்ல பாறைக்கு இணையாக வந்துவிட்டது. மன்னார் வளைகுடாவிலும் இதற்கு ஒப்பான இடம் உண்டு. 2005 வரை சுண்ணாம்புக்காகப் பவளக்கல் அள்ளிய பகுதிகளில் கடலடி இன்னும் சல்லிக்காடுதான். அங்கே அழித்தது வெப்பம் இல்லை. அழித்த கை நின்றுவிட்டது. ஆக, நடுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

தோற்பது எங்கே? ஃபுளோரிடாவைப் பாருங்கள். பல ஆண்டு உழைத்து அக்ரோபோரா நாற்றங்கால் வைத்து நட்டார்கள். 2023 ஜூலையில் வெப்ப அலை வந்தது. சோம்ப்ரெரோ என்ற பாறையில் நட்டவை உட்பட எல்லாம் இறந்துகிடந்ததை அந்த மாதமே கண்டார்கள். நாற்றங்காலில் மிச்சமிருந்ததை அவசரமாக எடுத்துக் கரையில் தொட்டிகளில் வைக்க வேண்டியதாயிற்று. வெப்பம் கொன்ற இடத்தில், அதே வெப்பத்தில் சாகும் இனத்தையே மறுபடி நட்டால் வேறென்ன நடக்கும்?

மறைவான செலவுகளை அடுக்கினால் நீளும். ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து ஒடித்த நூறு துண்டும் ஒரே மரபு, பெரும்பாலும் ஒரே பாசி. ஒன்று வெளிறினால் நூறும் வெளிறும். சீக்கிரம் வளர்ந்து படத்தில் அழகாகத் தெரிவது கிளைப் பவளம். வெப்பத்தில் முதலில் சாவதும் அதுதான். ஒடிக்கும் தாய்க்கூட்டத்துக்கும் காயம். உலகெங்கும் நடந்த திட்டங்களைத் தொகுத்த 2020 ஆய்வில் பிழைத்த விகிதம் சராசரியாக 60–70 சதவீதம் என்று வந்தது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் ஐந்தில் மூன்று திட்டங்களைப் பதினெட்டு மாதத்துக்கும் குறைவாகத்தான் கவனித்திருந்தார்கள். ஒரு கடுங்கோடையைக்கூடப் பார்க்காத துண்டுகளின் பிழைப்பு விகிதம் அது. திட்டங்களின் நடுத்தர அளவு 100 சதுர மீட்டர், ஒரு நடுத்தர வீட்டுப் பரப்பு.

விலை? 2016-இல் தொகுத்த கணக்குப்படி ஒரு ஹெக்டேருக்கு நடுத்தரச் செலவு 1,65,600 டாலர், அதாவது ஒரு கோடி ரூபாய்க்கு மேல். நம்மைப் போன்ற நாடுகளில் கூலியும் படகும் மலிவு என்பதால் வெகுவாகக் குறையும். அப்படியிருந்தும் 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவோடு வைத்துப் பார்த்தால் எத்தனை ஹெக்டேருக்குக் கட்டுப்படியாகும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நடுவதென்று முடிவெடுத்துவிட்டால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்துக்குக் குறையாத தாய்க்கூட்டங்களிலிருந்து துண்டு எடுங்கள். கிளைப் பவளத்தோடு உருண்டைப் பவளமும் கலந்திருக்கட்டும். மழைக்காலம் முடிந்து கடல் குளிர்ந்திருக்கும் மாதங்களில் நடுங்கள், மார்ச் தாண்டினால் வேண்டாம். தொங்கும் நாற்றங்காலாக இருந்தால் கோடையில் ஆழமான இடத்துக்கு இறக்கும் வசதி இருக்க வேண்டும். சூடு கொஞ்சம்தான் குறையும், ஆனால் வெயில் நன்றாகக் குறையும். பாசியைக் கெடுப்பது இரண்டும் சேர்ந்துதான்.

## வழி 4: சூடு தாங்குவதை உருவாக்குவது

செய்தித்தாளுக்குப் பிடித்த வழி. இதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, ஆய்வகத்தில் பாசியைப் பழக்குவது. ஹவாயின் ரூத் கேட்ஸும் வான் ஆப்பெனும் 2015-இல் முன்வைத்த யோசனையின் ஒரு கிளை இது. ஆஸ்திரேலியாவில் கிளாடோகோப்பியத்தை 31 டிகிரியில் நான்கு ஆண்டு தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். கிடைத்த பத்து ரகங்களும் குடுவைக்குள் சூட்டைத் தாங்கின. பவளக் குஞ்சுக்குள் போன பிறகு தாங்குதிறனைக் கூட்டியவை மூன்றே மூன்று. பாசி தனியாகத் தாங்குவது வேறு, பவளத்துக்குள் தாங்குவது வேறு என்பது அதில் தெரிந்தது. இருந்தும் நம்பிக்கை தருவது ஒன்று உண்டு: டுருஸ்டினியத்தோடு வரும் வளர்ச்சிக் குறைவு இந்தப் பழக்கிய ரகங்களோடு கட்டாயம் வரவேண்டும் என்றில்லை. ஆனால் ஆய்வகப் பாசியைக் கடலில் விட்டபின் திரும்பப் பிடிக்க முடியாது. என் ஐந்தாவது கேள்வியில் இது தோற்கிறது. கப்பாஃபைகஸ் வளர்ப்பிலிருந்து தப்பி என்ன செய்தது என்று பார்த்த கடற்கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டு, தாங்கிய பவளங்களை இணைசேர்ப்பது. பலாவில் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு செய்து பார்த்தது. ஒரே தலைமுறையில் சுமார் 1 டிகிரி-வாரம் வரை கூடியது. மேலே சொன்ன 4, 8 என்ற அளவோடு வைத்துப் பார்த்தால் இது சிறியது, ஆனால் உண்மையான முன்னேற்றம்.

மூன்று, முட்டையிடும் இரவில் கருவைச் சேகரித்து, குஞ்சாக்கிப் பாறைமேல் விடுவது. பீட்டர் ஹாரிசன் 2013-இல் பிலிப்பைன்ஸின் பொலினாவோ பகுதியில் இதைச் செய்தார். மூன்று ஆண்டில் அந்தப் பவளங்கள் தாங்களே முட்டையிட்டன. துண்டு நடுவதைவிட இதில் ஒரு பெரிய லாபம்: ஒவ்வொரு குஞ்சும் தனி மரபு, ஒவ்வொன்றும் கடலிலிருந்து தன் பாசியைத் தானே பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா முட்டையிடுவது மார்ச் பௌர்ணமியை ஒட்டி. ஒட்டிய சில வாரத்திலேயே குஞ்சு கோடை உச்சத்தைச் சந்திக்க வேண்டும் என்பது இங்கே உள்ள கூடுதல் சிரமம்.

பாரசீக வளைகுடாவிலிருந்து பவளத்தைக் கொண்டுவந்தால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே கோடை நீர் 35 டிகிரியைத் தொடும், பவளம் பிழைத்திருக்கும், உண்மைதான். அதன் பாசியும் தனி ரகம், கிளாடோகோப்பியம் தெர்மோஃபிலம். ஆனால் அந்தக் கூட்டாளிகள் மிக உப்பான நீருக்குப் பழகியவை. உப்பு குறைந்த நீரில் வைத்தபோது சூடு தாங்கும் அந்த அனுகூலம் காணாமல் போனது. இறக்குமதி யோசனையை இதோடு மூடிவிடலாம்.

ஆய்வகம், தொட்டி, நுண்ணோக்கி, மரபுப் பரிசோதனை, பத்தாண்டுப் பொறுமை ஆகியவை உள்ள நிறுவனத்துக்குத்தான் இந்த வழி. மற்றவர்கள் செய்யக்கூடியது, தங்கள் கண்காணிப்புக் குறிப்பை அத்தகைய நிறுவனத்தோடு பகிர்வது.

கடல்நீரைத் தூவி மேகத்தை வெளுப்பாக்கி நிழல் தரும் முயற்சியையும் கேட்டிருப்பீர்கள். 2020-இல் ஆஸ்திரேலியாவின் பிராட்ஹர்ஸ்ட் பாறையில் முதல் கள ஒத்திகை நடந்தது. ஒரு நாட்டின் கருவூலம் தாங்க வேண்டிய வேலை. இந்த ஒப்பீட்டுக்குள் வராது.

## ஒரே பார்வையில்

| | தொடாமல் கண்காணிப்பது | தண்ணீர், மடி | துண்டு நடுவது | தாங்குவதை உருவாக்குவது |
|---|---|---|---|---|
| அடுத்த வெளிறலில் பலன் | பவளத்தின் உடல்நிலையைப் பொறுத்தது | மிதமான வெப்பத்தில் உண்டு, உச்சத்தில் மீட்சிக்கு மட்டும் | பெரும்பாலும் இல்லை | சிறிய அளவில் உண்டு |
| பணமும் பரப்பும் | மலிவு, பெரும் பரப்பு | இடத்துக்கு இடம் மாறும், பெரும் பரப்பு | பரப்புக்கு அதிகம், சிறு பரப்பு | மிக அதிகம், மிகச் சிறு பரப்பு |
| பவளம் கொடுக்கும் விலை | வளர்ச்சி, முட்டை | இல்லை | மரபு வேறுபாடு, தாய்க்கூட்டக் காயம் | ரகத்தைப் பொறுத்தது |
| கரை கொடுக்கும் விலை | இல்லை | மீனவர், பாசி எடுப்பவர் வருமானம் | குறைவு, கூலி வேலையும் கிடைக்கும் | இல்லை |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | முடியும் | பாசி விடுவதில் முடியாது |

## யாருக்கு எது

மீனவர் சங்கமோ ஊராட்சியோ என்றால் வழி 2. அதிலும் முதலில் பாறையில் சிக்கிக் கிடக்கும் வலையை அகற்றுவது, நங்கூரத்துக்குப் பதில் நிலையான மிதவை போடுவது. யாருடைய பிழைப்பையும் தொடாத வேலை இவை. தள்ளுமடிப் பேச்சை மாற்று வருமானம் கையில் இருக்கும்போது எடுங்கள்.

முக்குளிப்புக் குழுவும் கல்லூரியும் வழி 1-ஐ எடுங்கள். எந்தக் கூட்டம் வெளிறியது, எது தேறியது, எத்தனை வாரத்தில் என்று அடையாளக் குறியோடு பதிவுசெய்வது சலிப்பான வேலை. அது இல்லாமல் மற்ற மூன்று வழிகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

சமூகப் பொறுப்பு நிதி வைத்திருப்பவர்கள் நடத்தான் போகிறீர்கள், தெரியும். சரி, சல்லிக்காட்டில் நடுங்கள். வெளிறலில் செத்த பாறையில் வேண்டாம். தொகையில் பாதியையாவது அருகிலிருக்கும் ஊரின் கழிவுநீருக்குத் திருப்புங்கள். இடத்தைத் தேர்வதற்கு முன் ஒரு கோடை முழுவதும் அங்கே வெப்பமானியைப் போட்டு வையுங்கள். இரண்டு தீவுக்கு நடுவே நீரோட்டம் ஓடும் இடமும் தேங்கிய ஆழமற்ற இடமும் ஒரே சூட்டில் இருக்காது.

ஒப்பந்தம் எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டு ஜூன் கணக்கெடுப்புக்கான பணத்தைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். கேட்டவுடன் தயங்கும் குழுவுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.